ஏன் யாரும் எழுந்திருக்கவில்லை

என் நாத்தனார் மேல்படிப்பு படிக்கக் கிளம்பியது அறிவை வளர்த்துக்கொள்ள அல்ல, ஒரு டாக்டரை ஒரு கை பார்க்க. நாத்தனாரைப் பற்றி அண்ணிக்காரி புறம் பேசுகிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் இது. நானாவது கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்வேன். அவளுக்கு அந்த வழக்கமே கிடையாது.

கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, வேறு வேலை அமையாமல், அந்த டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜைக்குப் போனாள். அங்கே ஒரு நடைமுறை இருந்தது. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரம்தான் கொடுக்க வேண்டும், மாலை ஐந்து மணி. ஐந்து மணிக்கு ஹால் பிதுங்கும். தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து, எப்பேர்ப்பட்ட டாக்டர் என்று வாயைப் பிளக்க வேண்டும். ஒரு நோயாளி வெளியே வந்த உடனே அடுத்தவரை அனுப்பிவிடக் கூடாது. மணி அடித்த பிறகுதான் அனுப்ப வேண்டும். அதுவரை அந்த மனிதர் உள்ளே கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டிருப்பார். "வெளிய நாற்காலி நிறைஞ்சிருக்கணும்மா. அப்பதான் உள்ள இருக்கறவன் டாக்டர்," என்று அவளுக்கு முதல் நாளே பாடம் நடத்தியிருக்கிறார்.

ஒரு நாள் என் மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றார். பஸ் ஓட்டுநர். லேசில் வலி என்று சொல்கிற ஆள் இல்லை. நாத்தனார் அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். உள்ளே நோயாளி யாரும் இல்லை. திரையில் சீட்டுக்கட்டுதான் விரிந்து கிடந்தது.

"உங்க அப்பான்னா தனிச் சட்டமா? உக்காரச் சொல்லும்மா," என்றார் டாக்டர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் வெளியே வந்தாள். ஹால் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "உள்ள யாருமே இல்லைங்க. அவர் சும்மாதான் உக்காந்திருக்காரு. எழுந்து வேற டாக்டர்கிட்ட போங்க."

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அவளை ஏதோ கிறுக்கு பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். டாக்டரே வெளியே வந்து, "பாவம், இந்தப் பொண்ணுக்கு வேலை அதிகம்," என்று சிரித்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவரும் எழுந்திருக்கவில்லை. "வம்பு வேணாம் பாப்பா, இன்னும் கொஞ்ச நேரம்தானே," என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். அப்பெண்டிக்ஸ் உள்ளேயே வெடித்துவிட்டது.

பிழைத்தார். குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்டீயரிங் முன்னால் உட்கார முடியவில்லை, வேலை போயிற்று. நாத்தனாருக்கும் போயிற்று. அவள் புகார் கொடுத்தாள், விசாரணையும் நடந்தது. அன்றைக்கு ஹாலில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "நல்ல டாக்டர்ங்க, எப்பவும் கூட்டம் இருக்கும்," என்று ஒருத்தர் விடாமல் சாட்சி சொல்லிவிட்டுப் போனார்கள். புகார் மண்ணைக் கவ்வியது. எனக்கே வயிறு எரிந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தச் சமயத்தில்தான் இந்தப் படிப்பு கண்ணில் பட்டது. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலை வகுப்பு. பாடத்திட்டத்தை மாணவரே வகுத்துக்கொள்ளலாம், எந்தத் துறையிலிருந்து வேண்டுமானாலும் பாடங்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். ஆனால், எதற்காக இவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் நோக்கவுரை எழுதித் தர வேண்டும். அது பிடித்திருந்தால்தான் இடம்.

"காத்திருக்கறதைப் பத்திப் படிக்கப்போறேன் அண்ணி," என்றாள். "வரிசைக்குக் கணக்கு. உக்காந்திருக்கறவங்க மனசுக்கு உளவியல். அந்தப் பாழாப்போன ஹாலுக்குக் கட்டடக்கலை. படிச்சு முடிச்சதும் அந்தாளைப் பத்தி அந்தாளாலயே மறுக்க முடியாத மாதிரி எழுதணும்."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஆகவே நோக்கவுரை என் தலையில் விழுந்தது. அவள் எழுதிக்கொண்டு வந்த முதல் பக்கத்தைப் படித்ததும் பேனாவை மூடி வைத்தேன். டாக்டரின் மூக்கிலிருந்து கார் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. அவர் எப்படியெல்லாம் நாசமாகப் போக வேண்டும் என்று வேறு வரிசையாக எழுதியிருந்தாள்.

"இது நோக்கம் இல்லடி, சாபம்," என்றேன்.

"என் நோக்கமே அதுதானே."

"அதுக்கு யாரும் பட்டம் தரமாட்டாங்க. இதுக்கெல்லாம் சேத்து உன்னைப் பிடிச்சு உள்ளதான் வைப்பாங்க."

முறைத்துக்கொண்டு போனாள். அடுத்த பக்கத்தைக் கொண்டு வந்தபோது சாது மாதிரி முகத்தை வைத்திருந்தாள். "சமூகத்துக்குத் தொண்டாற்றும் பேரவா சிறுவயது முதலே என்னுள் கனன்று வந்தது" என்று ஆரம்பித்திருந்தது. நான் சிரித்த சிரிப்பில் என் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சிறு வயசுல நீ என்னல்லாம் பண்ணினேன்னு உங்க அண்ணன் எங்கிட்ட சொல்லியிருக்காரு. சமூகம் உங்கிட்டேர்ந்து தப்பிச்சாப் போதும்."

"சமூகமாவது மண்ணாங்கட்டியாவது. எனக்கு அந்தாள் வேணும் அண்ணி." காகிதத்தை மேஜையில் போட்டாள். "திட்டினா சாபங்கறீங்க. நல்லபடியா எழுதினா சிரிக்கறீங்க. நான் என்னதான் எழுதறது?"

கடைசித் தேதி நெருங்கிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமனார் திரும்பினார்.

"எங்கிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டு பாப்பா."

அவள் முதல் பக்கத்தையே, சாபத்தையே, படித்தாள். 'அன்றைக்கு ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை' என்ற வரி வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"நானும்தான் எழுந்திருக்கல."

"உங்களுக்கு வலி இருந்துச்சுப்பா. முடியல."

"நடந்துதானே வந்தேன்? நடந்தே போயிருக்கலாம்." சட்டையின் கீழ் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ கூட்டத்துல அப்படிப் பேசிட்ட. நானும் எழுந்து வந்துட்டா அந்தாள் உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவான்னு நெனச்சேன். நான் அமைதியா உக்காந்திருந்தா, ஏதோ கோவத்துல பேசிட்டான்னு விட்டுடுவான். அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நாத்தனார் அழவில்லை. என் கையிலிருந்த பேனாவைக் கேட்காமல் பிடுங்கிக்கொண்டு அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து எழுதினாள். அதில் நான் ஒரு கமாவைத் தவிர எதையும் தொடவில்லை. காக்க வைப்பவனுக்குப் பூட்டு தேவையில்லை, காத்திருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் எழுந்திருக்காமல் இருக்க ஒரு காரணம் இருக்கிறது, என் அப்பாவிடம் இருந்த காரணம் நான், அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைப்பதற்காகத்தான் படிக்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தாள். டாக்டரைப் பற்றி ஒரே வரிதான். அந்த ஒரு வரியில் இருந்த விஷம் முதல் பக்கம் முழுவதிலும் இல்லை.

நேர்காணலுக்கு நானும் துணைக்குப் போனேன். அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை, நான் காதைத் தீட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். தேர்வுக் குழுவின் தலைவராக இருந்த அம்மாள் அவளுடைய பக்கத்தைப் படித்துவிட்டு, "ஏம்மா, இது பழிவாங்கற மாதிரி இருக்கே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளிக்க நான் எத்தனையோ பதில்கள் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"ஆமாம் மேடம்," என்றாள் இவள். "தனியா பழிவாங்கிப் பாத்தேன், முடியல. அதான் மூணு துறை கேக்கறேன்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வெகுநேரம் கேள்வி கேட்டார்கள், இவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். இடம் கிடைத்தது.

முதல் பருவத்திலேயே கள ஆய்வு. எங்கே போவாள் என்று கேட்கவும் வேண்டுமா? பல்கலைக்கழகத்தின் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கிளினிக்குக்குப் போனாள். தெருவில் நின்றே கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. புதிதாக வந்திருந்த வரவேற்புப் பெண்ணிடம் கடிதத்தைக் கொடுத்து, டாக்டரைப் பார்த்து அனுமதி கேட்க வேண்டும் என்றாள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் டாக்டர் அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். உட்காரச் சொல்லி அனுப்பினார்.

இவள் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தாள். எவ்வளவு நேரமாக இருக்கிறீர்கள், ஏன் எழுந்து போகவில்லை என்று தன்மையாகக் கேட்டாள். பாதியில் போனால் அதுவரை காத்திருந்தது வீணாகிவிடுமே என்றார் ஒருவர். எழுந்தால் என் இடத்தில் இவர் உட்கார்ந்துவிடுவார் என்று இன்னொருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஆளைக் காட்டினார். இவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அன்றைக்கு டாக்டர் கூப்பிடவில்லை. மறுநாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். பூட்டும்வரை உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

ஒரு நாள் ராத்திரி அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கூப்பிட்டானா பாப்பா?" என்றார் மாமனார்.

"இல்லப்பா. எங்கிட்ட பேசிக்கிட்டிருந்த ஒரு அம்மா, தன் பையனைக் கூட்டிக்கிட்டு எழுந்து வேற டாக்டர்கிட்ட போயிட்டாங்க. ஆறு மணிக்கெல்லாம்."

மாமனார் ஜன்னலை விட்டு எழுந்து வந்தார். "அந்த நாற்காலியில வேற யாராவது வந்து உக்காந்தாங்களா?"

"இல்லப்பா. பூட்டறவரைக்கும் காலியாத்தான் இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."