பனி வாசலில் நான்கு சோடிச் சப்பாத்து

சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் இத்தாலிய வீட்டுக்கார அம்மா எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தனியாக இருக்கிற தாயை மிலானுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று மகனும், பலெர்மோவை விட்டு அசையமாட்டேன் என்று தாயும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் மனைவியும் அந்த வீட்டில் வேலை செய்து, சமையலறைக்குப் பின்னாலிருந்த அறையில் குடியிருந்தோம். வீட்டை விற்றால் எங்களுக்கு வேலையும் போகும், கூரையும் போகும். ஆகவே நாங்கள் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இயேசு பிறந்த நத்தார் நாள் விருந்தில் சிஞ்ஞோரா மகனிடம் ஒரு பந்தயம் வைத்தார். கணவர் இருந்த காலத்தில் இருவரும் ஒவ்வொரு குளிர்காலமும் மதோனியே மலையில் ஏறி, மேய்ப்பர்கள் விட்டுப்போன கல்வீடு ஒன்றில் ஓரிரவு தங்கிவிட்டு வருவார்களாம். “அங்கே ஏறி, என் காலாலேயே இறங்கி வருகிறேன். வந்துவிட்டால் நீ மிலான் பேச்சையே எடுக்கக்கூடாது. முடியாவிட்டால் நானே பெட்டியைக் கட்டுகிறேன்” என்றார். மகன் ஒத்துக்கொண்டார். ஆனால் அவருடைய பயம் தாயின் முழங்காலைப் பற்றியது அல்ல. தாயின் மூளை மங்கிக்கொண்டு வருகிறது என்று நினைத்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தாய் ஒருமுறை மறந்துபோனதைக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் தாயும் மகனும் புறப்பட்டார்கள். சட்டிபானை தூக்க நாங்களும் போனோம். குளிர் என்றால் அதிகாலையில் ஒரு சால்வை போர்த்திக்கொள்வது என்று நம்பி வளர்ந்தவன் நான். காரை விட்டு இறங்கியதும் காது இரண்டும் என்னுடையவை இல்லை என்றாகிவிட்டது. பனிக்குள் வைத்த கால் முழங்கால்வரை இறங்கியது. அதை இழுத்தெடுத்து அடுத்த காலை வைப்பதற்குள் பிறந்த நேரத்தைத் திட்டினேன். என் மனைவிக்கு அதெல்லாம் இல்லை. பனியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “தண்ணிதான்” என்றாள்.

சிஞ்ஞோரா முன்னால் நடந்தார். சந்தைக்குப் போகும்போது படியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிறவர், இங்கே தடியால் பனியைக் குத்திப் பார்த்துப் பார்த்து, அவசரமே இல்லாமல் ஏறினார். அவர் கால் வைத்த குழியிலேயே நாங்களும் கால் வைத்தோம். இலையில்லாத காட்டு மரங்களுக்கிடையில் அந்தச் சிறிய முதுகு போவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஏதோ நான் பெற்றுவிட்ட மாதிரி! இடையில் நின்று, பலெர்மோவுக்கு அருகே உள்ள சியாகுல்லித் தோட்டத்து மாண்டரின் ஆரஞ்சுகளை உரித்து எல்லோருக்கும் பங்கிட்டார். விறைத்த வாய்க்குள் அந்த இனிப்பு இறங்கியதை இன்றும் மறக்கவில்லை.

பொழுதுபட முன்னரே கல்வீட்டை அடைந்தோம். ஒரே அறை, ஓர் இரும்பு அடுப்பு, கொண்டுபோன விறகு கொஞ்சம். மனைவி ரொட்டியும் சம்பலும் எடுத்துவைத்தாள். சிஞ்ஞோரா சப்பாத்தைக் கழற்றி அடுப்பருகே வைத்துவிட்டுச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கிப்போனார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பலெர்மோ வீட்டில் சிஞ்ஞோராவுக்கும் என் மனைவிக்கும் இருந்த ஒரே வழக்கு சப்பாத்து. அவர் அதோடேயே வீடு முழுக்க நடப்பார். இவளால் அதைப் பொறுக்க முடியாது. கடைசியில் எங்கள் அறைக்குள் வரும்போது மட்டும் வாசலில் கழற்றுவது என்று சிஞ்ஞோரா இறங்கி வந்தார். அப்படிப்பட்டவள் சமைத்து, சாப்பிட்டு, படுக்கிற ஒரே அறையில் நான்கு சோடிச் சப்பாத்தைச் சகிப்பாளா? எல்லோரும் படுத்தபின் அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வரிசையாக அடுக்கிவிட்டு வந்தாள். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. சப்பாத்து வேறு எங்கே இருக்கும்?

விடிந்து கதவைத் திறந்தால் சப்பாத்துகளைக் காணோம். இரவு பெய்திருந்த பனியைக் கிளறித்தான் எடுத்தோம். நனைந்திருந்த தோல் கல்லாக இறுகிப்போயிருந்தது. தட்டினால் சத்தம் கேட்டது. கால் நுழையவே இல்லை. அடுப்பும் அணைந்து, விறகும் முடிந்திருந்தது.

“யார் வெளியே வைத்தது?” என்று மகன் கேட்டார்.

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. சிஞ்ஞோரா அவளை ஒரு கணம் பார்த்தார்.

“நான்தான்” என்றார்.

மகன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “அம்மா, இவ்வளவு காலம் பனியில் நடந்த நீங்கள் செய்கிற காரியமா இது? இதற்குத்தான் நான் பயந்தேன்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இனிக் காலால் இறங்கி வந்தாலும் பந்தயம் அந்த இடத்திலேயே தோற்றுப்போனது சிஞ்ஞோராவுக்கும் தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும், அவருடைய வீடு அவருக்கு. அவர் சொல்லவில்லை.

மனைவிக்கு அவ்வளவு வேகமான இத்தாலியன் விளங்காது. “என்னவாம்? என்ன கதைக்கினம்?” என்று என் கையைப் பிடித்தாள். நான் சொன்னேன்.

“ஐயோ, மனுசி எனக்காகவெல்லோ பழியை ஏற்குது!” என்று எழும்பியவள், மகனுக்கு முன்னால் போய் நின்று தன் உடைந்த இத்தாலியனில் சொன்னாள்: “சிஞ்ஞோரா இல்லை. நான். எங்கள் ஆட்கள் சப்பாத்து வெளியே. சிஞ்ஞோரா தூக்கம். சிஞ்ஞோரா தலை நல்லது.” நெஞ்சில் இரண்டு தரம் தட்டியும் காட்டினாள். அந்த மனிதர் அன்றைக்கே எங்களை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளை எனக்குப் பிடிக்கும். ஆனால் அன்று போல் ஒருநாளும் பிடித்ததில்லை.

“அவள் பொய் சொல்கிறாள்” என்றார் சிஞ்ஞோரா.

“இல்லை, சிஞ்ஞோரா பொய்” என்றாள் இவள்.

ஒரு குற்றத்துக்கு இரண்டு பெண்கள் இப்படிச் சண்டை பிடித்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மகன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

பிறகு சிஞ்ஞோராவே வேலையைத் தொடங்கினார். சப்பாத்தைச் சட்டைக்குள் வைத்து வயிற்றோடு அணைத்தால் உடம்புச் சூட்டில் இளகும் என்றார். நான் என்னுடையதை உள்ளே விட்டு அலறினேன். மனைவி தன்னுடையதோடு சிஞ்ஞோராவின் சப்பாத்தையும் எடுக்கக் கை நீட்டினாள். மகன் அதற்குள் எடுத்துவிட்டார். தாயின் சப்பாத்து இரண்டையும் தன் கம்பளிச் சட்டைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

இறங்கும்போதும் சிஞ்ஞோராதான் முன்னால். ஒரு சரிவில் மகன் கை நீட்டினார். “கை வேண்டாம், பையைப் பிடி” என்று கொடுத்துவிட்டு நடந்தார். நான் விழுந்த இடங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மிலானுக்குத் திரும்புகிற அன்று மகன் பெட்டியோடு மாடிப்படியில் நின்றார். பந்தயத்தைப் பற்றித் தாயிடம் வென்றீர்கள் என்றும் சொல்லவில்லை, தோற்றீர்கள் என்றும் சொல்லவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, அவளுக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

“அடுத்த குளிர்காலம் மேலே போகும்போது, அம்மாவின் சப்பாத்தை உள்ளே வையுங்கள்.”