சரோஜா அக்காவின் அடுப்பங்கரையில் இருந்த எல்லைக்கல்

ஓவியர் தேவன் அண்ணன் போய்விட்டார். இன்று காலை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

முன்னோடி, ஆற்றின் பிள்ளை என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அவரோடு நடந்தவள்தான்... எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பினாங்கு யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்ணன் எங்களில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சுங்கை பினாங் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவார். ஆறு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று நடந்தே பார்த்து வரைய வேண்டும். முதல் அரை மணி நேரம் பேசக் கூடாது.

கரையோர வீட்டுச் சரோஜா அக்காவுக்கு எங்களைக் கண்டாலே சிரிப்பு. "என்னா லா இது, வாயைக் கட்டிக்கிட்டு வரிசையா போறீங்க... பொணம் எங்க?"

அண்ணன் தேடியது எல்லைக்கற்களை. அரசாங்கம் எப்போதோ நட்டவை. அவற்றைத் தாண்டி ஆற்றுப் பக்கம் வீடு கட்டக் கூடாது.

"கல்லா? அது என் அடுப்பங்கரையில இல்ல கெடக்கு! வாங்கண்ணே, காட்டுறேன்."

அதன் மேல் ஆட்டுக்கல்லை வைத்திருந்தார். அந்த அடுப்பங்கரையில் அப்பம் சுட்டு விற்றுத்தான் அவர் பிழைப்பு. ஆட்டுக்கல்லை அவரே நகர்த்தினார். கல்லில் வெட்டியிருந்த எழுத்து காகிதத்தில் நன்றாகப் பதியட்டும் என்று எல்லைக்கல்லைத் தேய்த்துக் கழுவியும் கொடுத்தார்.

அண்ணன் அதன் மேல் காகிதம் விரித்துக் கரியால் தேய்த்தார். எழுத்து தெரிந்ததும் சந்தோஷமாக எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அண்ணன் பிறகு வைத்த கண்காட்சிக்கு அந்தக் காகிதம்தான் நடுநாயகம். "வீட்டு நம்பரையும் கீழ எழுதிப் போடும்மா. எந்த இடம்னு தெரியலன்னா அது ஆர்ட் இல்ல, அலங்காரம்" என்றார் என்னிடம்.

நான் போட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை... படித்தவள்.

திறப்பு விழாவுக்கு அதிகாரிகளும் வந்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் அக்காவுக்கு நோட்டீஸ். அடுப்பங்கரையை இடித்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "நான் தேய்ச்சு எடுத்தேன், அவ்வளவுதான். இடிச்சது நானா? நீ ரொம்ப இமோஷனலா பேசுறம்மா."

"ஒரு தடவை வந்து அக்காவைப் பாருங்கண்ணே."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

நான் மட்டும் போனேன். பின்பக்கம் பலகை அடித்து மூடியிருந்தது. அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"நம்பரை எழுதுனது நீதானாமே? கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு ஆபீசர் சொன்னாரு."

பிறகு கேட்டார். "அண்ணே வருவாரா?"

"வருவார் அக்கா" என்றேன்.

நடைகள் தொடர்ந்தன. வெளிநாட்டிலும் நடந்தார். புத்தகம் வந்தது, விருது வந்தது. கல்லைக்கூட கவனித்துப் பார்க்க வைத்தவர்தான், மறுக்கவில்லை. அந்த வீட்டுப் பக்கம் மட்டும் அவர் பிறகு போகவே இல்லை.

சரோஜா அக்கா இப்போது ஜுருவில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வருஷம் பார்த்தபோது அவராகவே சொன்னார். "தேவன் அண்ணனுக்கு முடியலையாமே... பாவம் லா. வரணும்னுதான் நெனச்சிருப்பாரு."

நான் தலையாட்டினேன்.

இன்னும் அக்காவுக்குச் செய்தி தெரியாது. மதியம் நான்தான் ஃபோன் செய்து, அவர் இனி வரமாட்டார் என்று சொல்ல வேண்டும்.

போய் வாருங்கள், அண்ணே.