விசாரணையில் என் ரத்தம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று வாசகர்கள் ஏராளமாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஏராளம் என்றால்... மூன்று. அதில் ஒன்று, 'நிம்மதியாக இருந்தது' என்கிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் ரத்தம் விசாரணையில் இருந்தது.

என் மாமனாருக்குக் கருமத்தம்பட்டிப் பக்கம் தோட்டம். பேச்சு குறைவு, கோபம் தாராளம். நான் பத்திரிகையில் எழுதுவதில் அவருக்கு ஒரு தீராத வருத்தம். "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்று யாராவது கேட்டால், "காயிதத்துல என்னமோ கிறுக்கறாருங்க" என்பார். அவர் தொடாத பத்திரிகையை அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் தொடுவதில்லை. என் மனைவி உட்பட!

அப்படிப்பட்டவருக்கு வயிற்றுப்புண் உடைந்து ரத்த வாந்தி. கோயமுத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தோம். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். மகன்கள் இரண்டு பேர். பெரியவர் ரத்தம் பொருந்தவில்லை. சின்னவர் ஊசியைப் பார்த்ததுமே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். பொருந்தியது யாருடையது? கிறுக்குகிறவனுடையது!

ரத்த வங்கியில் கையை நீட்டிக் கொடுத்தேன். பரிசோதனை எல்லாம் முடிந்ததும், ஐஸ் போட்ட தகரப் பெட்டியில் பாட்டிலை வைத்து நானே குதிரை வண்டியில் கொண்டுவந்தேன். வந்த நேரம் டாக்டர் ஒரு பிரசவத்தில் இருந்தார். நர்ஸ் பாட்டிலை வெளியே எடுத்து மாமனார் அறையில் ஸ்டூல்மேல் வைத்தாள். "குளிர் கொஞ்சம் தணியட்டும்" என்று சொல்லிவிட்டு அவளும் பிரசவத்துக்கு ஓடினாள். அரை மணி கழித்து வந்து ஏற்றினார்கள்.

கால் பாட்டில்கூட இறங்கியிருக்காது. மனுஷனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. நடுக்கம். இடுப்பு வலி. சிறுநீர் போனால் கடுங்காப்பி நிறம். டாக்டர் ஓடி வந்து ஏற்றுவதை நிறுத்தினார்.

"காரணம் தெரியாம அடுத்த பாட்டிலை ஏத்த மாட்டேன். ஏத்தாமலும் ரொம்ப நேரம் தாங்காது" என்றவர், எங்கள் எல்லோரையும் பார்த்துக் கண்ணை உருட்டினார். "பாட்டிலை யாராவது தொட்டீங்களா?"

"இல்லீங்க!" ஒரே குரல்.

மீதி ரத்தத்தோடு அந்த பாட்டில், அதே ரப்பர் குழாய், மாமனாரின் இன்னொரு கையிலிருந்து புதிதாக எடுத்த ரத்தம், ஒரு சீசாவில் சிறுநீர்... எல்லாவற்றையும் லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். நான் வண்டி ஏறுவதற்குள் வராந்தாவில் வேறொரு லேப் திறந்தாகிவிட்டது. மைக்ராஸ்கோப் இல்லாத லேப்.

"ரத்தம்னா சும்மாங்களா? மனசு ஒத்துப்போகோணுமல்லங்க!" என்றார் பெரிய மைத்துனர்.

"கண்ணாலத்துல இருந்தே ரெண்டு பேருக்கும் ஆகாதுங்களே" என்றார் ஒரு சித்தப்பா.

"எந்நேரமும் காப்பியாவே குடிச்சா ரத்தம் எப்படீங்க இருக்கும்?" இது யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமியார் மட்டும் என் அருகில் வந்தார். கண் கலங்கியிருந்தது. "ஏனுங்க மாப்பிள்ளை... நல்ல மனசோடதானுங்களே குடுத்தீங்க?"

அதுதான் குத்தியது. கொடுக்கும்போது நான் என்ன நினைத்தேன்? 'இனிமேலாவது கிறுக்கறாரு என்று சொல்ல மாட்டாரே' என்று நினைத்தது நிஜம். அதற்குக்கூடவா ரத்தம் கெட்டுப்போகும்?

ரத்த வங்கி லேபில் இருந்தவர் காதர் பாய். கோட்டைமேட்டுக்காரர். சாவதானமான மனிதர். அவர் முதலில் எதைப் பரிசோதித்தார் தெரியுமா? பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டை! பெயர், நம்பர், குரூப் என்று நோட்டுப் புத்தகத்தோடு மூன்று தடவை ஒத்துப்பார்த்தார். "பாதித் தப்பு பேனாவுலதானுங்க நடக்கும்" என்றார். பேனா பிடிக்கிற நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சீட்டு சரி. குரூப்பைத் திரும்பப் பார்த்தார், சரி. என் ரத்தத்தை, முதலில் பொருத்தம் பார்க்க எடுத்திருந்த மாமனாரின் பழைய ரத்தத்தோடும் புது ரத்தத்தோடும் கலந்து பார்த்தார். பகை இருந்தால் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளுமாம். மைக்ராஸ்கோப்பில் ஒரு திரிகூட இல்லை. பதினோரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரின் ரத்தம், கண்ணாடியில் சமர்த்தாகக் கலந்து கிடந்தது! கிருமியும் தென்படவில்லை. "வளத்திப் பாக்க ரெண்டு நாள் ஆகுமுங்க. ஆனா விசயம் அது இல்லீங்க" என்றவர், ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு டெஸ்ட் ட்யூபை எடுத்தார். காலையில் என்னிடம் எடுத்ததில் கொஞ்சம் வைத்திருந்தார்களாம். அடியில் ரத்தம், மேலே தெளிவாக மஞ்சள் நீர். பாட்டில் ரத்தத்தைச் சுழற்றித் தெளிய வைத்துப் பக்கத்தில் வைத்தார். மேலே நின்ற நீர்... பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்!

"ரெண்டும் உங்க ரத்தம். ஒரே நேரத்துல எடுத்தது. ஒண்ணு நல்லாருக்குது, ஒண்ணு செல் உடைஞ்சு கெட்டுப்போச்சு. அப்ப வழியிலதான் என்னமோ ஆயிருக்குது. கொண்டு போனது யாருங்க?"

"நானுங்க."

"எங்கயாச்சும் நின்னீங்களா?"

"உக்கடத்துல ஒரு காப்பி... பத்து நிமிஷம்." அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரிங்க, அரை மணி."

"பெட்டியத் தொறந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப உங்க மேல தப்பில்ல. வாங்க, நானும் வாரேன்."

நர்சிங் ஹோம் அறையில் காதர் பாய் யாரையும் மிரட்டவில்லை. ஸ்டூலைப் பார்த்தார். மூலையில் மாமியாரின் பம்ப் ஸ்டவ்வைப் பார்த்தார். அதன்மேல் ஆவி பறக்கிற வெந்நீர்ப் போசியைப் பார்த்தார். பிறகு மாமியாரிடம் திரும்பி அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்கம்மா, பெரியவருக்கு ஆறினது எதுவுமே குடுக்க மாட்டீங்களாமா? அத்தனை பக்குவமாப் பாத்துக்கறீங்கன்னு சொன்னாங்க!"

மாமியார் முகம் மலர்ந்தது. "பின்னென்னங்க! நாப்பது வருசத்துல ஒரு வாய் பச்சத்தண்ணி குடுத்ததில்லீங்க. அந்த ரத்தத்தத் தொட்டுப் பாத்தனுங்க, ஐஸாட்டம் சில்லுனு! அதையப் போயி ஒரு நோயாளி மேல ஏத்துவாங்களா? கொதிக்கற வெந்தண்ணிப் போசில முங்க வெச்சு, சூடா எடுத்துப்போட்டனுங்க. நர்ஸம்மாகூடத் தொட்டுப்போட்டு, பரவால்ல, குளிர் போயிருச்சுன்னுதானுங்களே சொன்னாங்க!"

"நல்லதுங்கம்மா" என்றார் காதர் பாய். அவ்வளவுதான்!

நம் ஊர் ஜனங்களிடம் 'யார் செஞ்சது' என்று அதட்டிக் கேட்டால் சாமி சத்தியமாக யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். மெச்சிக் கேட்டுப் பாருங்கள்... அளவோடு, நேரத்தோடு, எந்தப் போசி என்பது வரை வந்துவிடும். இது எந்த மைக்ராஸ்கோப்பில் தெரியும்?

வெளியே வந்ததும் சொன்னார்: "சூடு தாங்காதுங்க ரத்தம். செல்லெல்லாம் வெடிச்சுரும். உங்க ரத்தம் சுத்தம். டாக்டருக்கு ரிப்போர்ட் எழுதித் தாரேன். அடுத்த பாட்டில் அந்த ஸ்டூல் பக்கமே போகக் கூடாது, நேரா நர்ஸ் கையில இருந்து ஏறோணும்."

"அத்தைகிட்டச் சொல்லணுங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "ரிப்போர்ட்டு டாக்டருக்குத்தானுங்க. அந்தம்மாவுக்கு நீங்கதான் மாப்பிள்ளை."

வங்கியில் இருந்த யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த பாட்டிலைப் பொருத்தம் பார்த்து வாங்கி ஏற்றினார்கள். நர்ஸ் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஒரு நடுக்கம் இல்லை. சாயங்காலம் மாமனார் கண் திறந்து கஞ்சி கேட்டார்.

வராந்தா லேபிலும் அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது. "யாரோ நல்ல குடும்பத்து ரத்தமுங்க. எப்படிச் சேருது பாருங்க!"

நான் வாயைத் திறக்கப் போனேன். மாமியார் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமனார், "சூடு பத்துல" என்றார். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

மூடிக்கொண்டேன். இன்றுவரை அங்கே குற்றவாளி என் ரத்தம்தான். நேற்றுக்கூட ஒருவர், "மாப்பிள்ளை, மனசுல எதையும் வெச்சுக்காதீங்க, ரத்தத்துக்கு ஆகாது" என்று புத்தி சொன்னார்.

எல்லாவற்றையும் இப்படி அச்சில் போட்டுவிட்டீரே, மாமியார் காதுக்குப் போகாதா என்கிறீர்களா? உலகத்திலேயே பத்திரமான இடத்தில்தான் ஒளித்து வைத்திருக்கிறேன்... நான் கிறுக்குவதை அந்த வீட்டில் யார் படிக்கிறார்கள்?