கழுத்து திரும்புகிறதாம்

ஜெபமணிக்கு வந்த ஆத்திரத்துக்கு மொபைலைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பாள். மகள் ரீனாவுடைய மொபைலாகப் போனதால் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கசார்வாடியில் அவள் சமைக்கிற பட்டறை கேன்டீனில் கொதிக்கும் எண்ணெய் சரிந்து, இடது தாடையிலிருந்து தோள்பட்டை வரை வெந்துபோயிற்று. புண் ஆறியது. ஆனால் தோல் சுருங்கி இறுகி, வலப்பக்கம் கழுத்து திரும்பாமல் போனது. சாங்வியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள், கண்ணாடியை மட்டும் நம்பித்தான் நெடுஞ்சாலையில் வலப்பக்கம் வளைப்பாள். போன மாதம் ஒரு டெம்போ கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. ஸ்கூட்டரை விட்டால் வேலையையும் விட வேண்டியதுதான். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் விமான் நகரில் இருந்தார். நேரில் போவோம் என்று ஜெபமணி படித்துப் படித்துச் சொன்னாள். அந்த டிராஃபிக்கில் அரை நாள் போய்விடும், வீடியோவில் வருவதும் அதே டாக்டர்தான் என்று ரீனா புக் பண்ணிவிட்டாள்.

டாக்டர் பார்க்கப்போகிறாரே என்று ஜெபமணி சர்ச்சுக்குக் கிளம்புகிற மாதிரி முகம் கழுவி, கழுத்து வரை பவுடர் பூசிக்கொண்டாள். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று ரீனா மொபைலைக் கிட்டத்தில் நிறுத்தினாள். வலப்பக்கம் திரும்பச் சொன்னார் டாக்டர். மூன்று வருடப் பழக்கத்தில் ஜெபமணி தோளோடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பினாள். திரையில் முகம் மட்டும்தான் தெரிந்தது. இழுக்கிறது, நிமிர்ந்து படுக்க முடியவில்லை என்று தனக்குத் தெரிந்த கேன்டீன் இந்தியில் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்து நன்றாகவே திரும்புகிறது, தழும்பும் மங்கிவிட்டது, இந்த வயதில் இதற்குமேல் அழகு எதற்கு, களிம்பு போதும் என்றார். தாடைக்குக் கீழே தொங்கும் சதையை வேண்டுமானால் எடுத்துவிடலாமாம். ஒன்பதே நிமிடம். வேலை முடிந்தது.

அழகாம்! அழகை வைத்துக்கொண்டு அவள் எந்த மேடையில் ஏறப்போகிறாள்?

"டாக்டரே சொல்லிட்டாரும்மா. கழுத்து நல்லாத்தானே திரும்புது?" என்றாள் ரீனா.

மறுநாள் காலை ஜெபமணி லீவு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாள். ரீனாவும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள். கன்சல்டேஷன் நேற்றே முடிந்துவிட்டது, மறுபடியும் வீடியோவில்தான் பார்ப்பார் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். ஜெபமணி நகரவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்காத டாக்டர் என்ன டாக்டர் என்று தமிழும் இந்தியுமாக அவள் போட்ட சத்தத்தில் டாக்டரே வெளியே வந்துவிட்டார்.

உள்ளே அழைத்துப்போய்த் தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அவளுடைய இரண்டு தோள்களையும் அசையாமல் பிடித்துக்கொண்டு திரும்பச் சொன்னார். முகம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. களிம்பு போதாது, இறுகிய தோலை வெட்டி எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும், சீக்கிரம் சேர்ந்துவிடுங்கள் என்றார். நேற்றே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார். சொன்னேன் என்றாள் ஜெபமணி.

வெளியே வந்ததும் ரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீடியோல அவருக்குச் சரியா தெரியலம்மா, அவ்வளவுதான்."

ஜெபமணி தோளோடு மகள் பக்கம் திரும்பினாள்.

"அவரு ஒம்போது நிமிசம் பாத்தாரு. நீ மூணு வருசமா ஒரே வீட்டுக்குள்ள இருந்து பாத்துக்கிட்டிருக்கியே, ரீனா."