ஒன்பது புள்ளி நோட்டு

என் அக்கா வீட்டுக்காரரை அவர் தெருவில் எல்லோரும் லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். போன் ரிப்பேர் செய்யும்போது மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்து, நெற்றியில் ஏற்றிவிட்டபடியே கடைவீதிக்குப் போய்விடுவார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கும் அதோடுதான் போனார். கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவரிடம் அக்கா சொன்னாள்: "பிரிச்சுப் போட்டுடாதீங்க. திரும்ப மாட்டத் தெரியாது."

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படியின் கீழ் அவர் கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். மேஜையில் ஒரு விளக்கு, ஒரு டிராயர், குட்டி ஸ்க்ரூக்கள் ஓடாமல் இருக்க ஒரு காந்தத் தட்டு, ஒரு நீள நோட்டு. அந்த நோட்டுதான் அவருடைய தொழில் முறை. ஒன்பது புள்ளிகள் கொண்ட ரப்பர் முத்திரை ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கியிருந்தார். ஒரு தாளுக்கு நான்கு முத்திரை. போனைக் கொடுப்பவர் தன் நம்பரை எழுதி, புள்ளிகளைச் சேர்த்துத் தன் லாக்கைக் கோடாகப் போட்டுக் காட்டிவிட்டுப் போக வேண்டும். ஸ்க்ரீன் மாற்றிய பிறகு போனைத் திறந்து கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றையும் சோதித்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. படங்களைப் பார்க்க மாட்டார். "டாக்டர் நாடி பார்க்குற மாதிரி. நாடியைப் பிடிச்சுட்டுக் கை ரேகையா படிப்பாங்க?" என்பார். பதினோரு வருஷத்தில் பதினான்கு நோட்டு. "ஊர்ல பாதிப் பேரோட வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு மச்சான்" என்று வெளிநாட்டில் இருக்கும் என்னிடம் போனில் பெருமையாகச் சொல்வார். அது யார் கையிலாவது சிக்கினால் என்ன ஆகும் என்பேன். தூரத்தில் இருப்பவனுக்கு எல்லாமே பயம் என்று சிரிப்பார்.

ஒரு நாள் நர்ஸ் ஒருவர் நொறுங்கிய போனோடு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே நோயாளிகள் தரையில் படுத்திருக்கும் படம் ஒன்று அந்த வாரம் எல்லோர் போனுக்கும் போயிருந்தது. யார் எடுத்தது, யார் அனுப்பியது என்று ஸ்டேஷனில் நர்ஸுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவரையும் கூப்பிட்டிருந்தார்கள். போன் எங்கே என்று கேட்டதற்கு, உடைந்துவிட்டது, மாடிப்படிக் கடையில் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். உள்ளதைச் சொன்னதுதான் வினையாயிற்று.

மறுநாள் மதியம் அந்த வட்டாரத்துப் போலீஸ்காரர் வந்தார். லென்ஸுக்குப் பழக்கமானவர்தான். நான்கு மாதத்துக்கு முன் அவர் போனுக்கும் இதே மேஜையில்தான் ஸ்க்ரீன் மாற்றினார்.

"ஒரு நர்ஸ் போன் வந்திருக்குமே."

"தினம் பத்து வருது சார். போன் மேல உத்தியோகமா எழுதியிருக்கு?"

"நக்கலா? திறந்து குடு. பத்து நிமிஷம் பார்த்துட்டு இங்கேயே வச்சிடுறேன்."

"கோர்ட் காகிதம் ஏதாவது இருக்கா சார்?"

"பத்து நிமிஷத்துக்குக் கோர்ட்டா? நான் என்ன எடுத்துட்டா போறேன்? திருடினாத்தான் தப்பு, பார்த்தா என்ன தப்பு?"

"டிஸ்ப்ளே இன்னும் வரலை சார். இருட்டாத்தான் கிடக்கு."

அது பொய். புது ஸ்க்ரீன் காலையிலேயே மாட்டியாகிவிட்டது. சொல்லி வாய் மூடவில்லை, டிராயருக்குள்ளிருந்து அலாரம் அடித்தது. வார்டில் இரண்டு மணி ஊசிக்கு நர்ஸ் வைத்திருந்த அலாரம். நிற்காமல் அடித்தது.

"உன் டிராயர் அழுவுதே."

"அது வேற போன் சார். தூக்கம் தெளிஞ்சிருக்கும்."

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "இதுல எல்லார் லாக்கும் இருக்குல்ல?" என்று கடைசித் தாளைப் பிடிக்காமல் நடுவில் பிரித்தார். இரண்டு தாள் புரட்டியதும், அவருடைய கையெழுத்திலேயே அவருடைய நம்பர். கீழே ஒன்பது புள்ளி, அவர் போட்ட கோடு.

நோட்டைப் பாதி மூடிக்கொண்டு கேட்டார்.

"இதை யாரெல்லாம் பார்ப்பாங்க?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை சார். நீங்கதான் முதல்."

அவர் அந்தத் தாளைச் சர்ரென்று கிழித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நாளைக்குக் காகிதத்தோட வர்றேன். அதுவரைக்கும் போன் இங்கேயே இருக்கணும்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கிழித்த தாளில் அவர் மட்டுமா இருந்தார்? இன்னும் மூன்று பேருடைய நம்பரும் லாக்கும் அந்தச் சட்டைப்பையில் போயின. எச்சரிக்கலாம் என்றால் நம்பரே அந்தத் தாளில்தான். லென்ஸுக்கு முகம் நினைவில் நிற்காது, பழுதுதான் நிற்கும். தண்ணீரில் விழுந்தது ஒன்று, சார்ஜ் ஏறாதது ஒன்று. மூன்றாவது என்ன பழுது என்பதே வரவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். உட்காரவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார்.

"போலீஸ் இருக்கணும்னு சொன்ன பொருளை எடுத்துக் குடுத்தா நம்ம கதி என்ன ஆகும்?" என்றாள் அக்கா.

"அவ பொருளை அவளுக்குக் குடுக்க நான் எவன்கிட்ட உத்தரவு வாங்கணும்?"

"அப்போ தைரியமாப் போய்க் குடுங்க. எதுக்கு இந்த நடை? தரை தேயுது."

அவர் என்னைப் போனில் கூப்பிட்டார். "நீ ரெண்டு பாஷையில படிச்சவன். சட்டம் என்ன சொல்லுது?" எனக்கு இந்த ஊர்ச் சட்டமும் தெரியாது, அந்த ஊர்ச் சட்டமும் தெரியாது. நாளை வரை பொறுங்கள், வம்பு எதற்கு என்றேன். போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டு வாசலில் நர்ஸின் கையிலேயே போனைக் கொடுத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, ரசீதில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நர்ஸ் புது ஸ்க்ரீனைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க உள்ளே பார்த்தீங்களா?"

"கேமரா, மைக், ஸ்பீக்கர். அவ்வளவுதாம்மா."

"அதை நான் எப்படி நம்புறது?"

பதினோரு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. லாக்கை மாத்திடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். கடையிலிருந்த நோட்டுகளை அள்ளிக்கொண்டு நேராக வீட்டுக் குளியலறைக்குப் போய், பதினான்கு நோட்டையும் தாள் தாளாகக் கிழித்து வாளித் தண்ணீரில் அமுக்கினார். மை கரைந்து தண்ணீர் நீலமானது. "இதுல துணி நனைக்க முடியாது, நாளைக்கு வேற வாளி வாங்கிட்டு வாங்க" என்றாள் அக்கா. பிறகு அவளும் உட்கார்ந்து கிழித்தாள்.

மறுநாள் போலீஸ்காரர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காகிதம் என்று ஒன்று கேட்கப்பட்டதா என்பதே தெரியவில்லை. வாசலில் எந்த வண்டி நின்றாலும் லென்ஸின் கை நின்றது. எனக்குப் போன் செய்தால் வானிலை பேசினார். கடை விஷயம் கேட்டால், "நேர்ல வா, சொல்றேன்" என்பார். மீதிக் கதையை நான் நேரில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

கடையில் இப்போது வேறு முறை. வேலை முடிந்ததும் சொந்தக்காரரே வந்து உட்கார்ந்து தன் போனைத் தானே திறக்க வேண்டும். லென்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நாலு நடை நடக்க வைக்கிறான் என்று பாதி வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் போயிருந்த வாரம் அந்தப் போலீஸ்காரர் வந்தார். கையில் காகிதம் இல்லை. சார்ஜ் ஏறாத அவர் போன்தான் இருந்தது. லென்ஸ் வாங்கிப் பிரித்தார். காந்தத் தட்டில் வைக்கப் போன ஸ்க்ரூ ஒன்று விரலிலிருந்து நழுவித் தரையில் ஓடியது. இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள். மேஜைக்கடியில் இருந்தபடியே லென்ஸ் மெல்லக் கேட்டார்.

"சார், அன்னிக்கு ஒரு தாள் எடுத்துட்டுப் போனீங்களே."

"எந்தத் தாள்?"

ஸ்க்ரூ கிடைத்தது. பழுது சரியாயிற்று. லென்ஸ் போனை நீட்டி, "திறந்து குடுங்க சார், மைக் பார்க்கணும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போலீஸ்காரர் உடனே திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி, படிக்கட்டின் அடிப்பகுதியை மூலைக்கு மூலை பார்த்தார்.

"இங்க கேமரா எதுவும் வைக்கலையே?" என்று கேட்டு, இல்லை என்று லென்ஸ் சொன்ன பிறகும் இடது கையால் ஸ்க்ரீனை மறைத்துக்கொண்டுதான் கோடு போட்டார்.