கயிறு கழற்றும் நாள்

யதுஷாவின் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் இரண்டு செம்புத் தாயத்து, ஒரு சின்ன மணி. காய்ச்சலில் பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது மாரியம்மன் கோயில் பூசாரி கட்டிவிட்டது. "அஞ்சு வயசு முடியுற வரைக்கும் கழட்டாத தாயி" என்று சொல்லித்தான் கட்டினார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளையின் அம்மா சுஜீதா தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவள். விடிந்ததும் விடியாததுமாய்க் கத்தியோடு மலையேறி, மரம் மரமாய்ப் பட்டை சீவி, வாளி வாளியாகப் பால் சுமந்து இறங்குவாள். அத்தனை பாலும் ஃபேக்டரிக்கு. லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் அவள் பிள்ளைகளுக்குப் பாலில்லாத வெறும் பிளேன்டீதான். புருஷன் சுதாகரன் கொழும்பில் ஒரு கடையில் ஊருக்கெல்லாம் கொத்துரொட்டி போடுகிறான். வீட்டு நினைப்பு வந்தால் பஸ் ஏறுவான், அது எப்போதாவதுதான் வரும்.

மாதத்தில் ஒரு நாள், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கிளினிக். மிட்வைஃப் மிஸ் வந்து, உத்தரத்தில் தராசைக் கொழுவி, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு நிறுப்பார். எடை வயதுக்கென்று வகுத்த கோட்டுக்குக் கீழே நின்றால் அரசாங்கத்தின் திரிபோஷ சத்து மா கிடைக்கும். மேலே ஏறிவிட்டால் கிடையாது. யதுஷா பிறந்ததிலிருந்தே நோஞ்சான், அதனால் அவளுக்குக் கிடைத்தது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் காம்பராவே மணக்கும்.

அந்த உருண்டையை இரண்டு பேர் தின்றார்கள். வினை அங்கேதான் பிடித்தது. மூத்தவன் லோஜனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஐந்து முடிந்தால் திரிபோஷ இல்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு உண்டுதான், ஆனால் அவனை முதலாம் ஆண்டில் சேர்ப்பது அடுத்த வருஷம். அரசாங்கத்தின் ஒரு கைக்கும் மறு கைக்கும் நடுவில் விழுந்துவிட்ட பிள்ளை அவன். அடுத்த வருஷம் வரைக்கும் வயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டி வைக்க முடியுமா? தங்கை தின்னும்போது எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்துக்கொண்டு ஒருத்திக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

கயிறு கட்டிய மாதம் தராசு முள் கோட்டைத் தாண்டிவிட்டது. மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். "ஹரிம ஹொந்தய் நங்கி! புள்ள எடை கூடியிருக்கு" என்று சிங்களமும் தமிழுமாய்ப் பாராட்டி யதுஷாவின் கன்னத்தைக் கிள்ளினார். அந்த மாதம் மா இல்லை. வெறுங்கையோடு திரும்பியவளைப் பார்த்துப் பக்கத்துக் காம்பரா இராஜகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி கூறுகெட்டவளே, தாயத்தோடயா நிறுத்த? செம்பையும் சேத்துல்ல புள்ளன்னு நெனச்சுட்டாங்க!"

அடுத்த கிளினிக் அன்று சுஜீதா, "ஆத்தா, மன்னிச்சுக்க" என்று கும்பிட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். அதில் பொய்யொன்றும் இல்லை, பிள்ளையின் எடையைத்தானே கேட்கிறார்கள். முள் கோட்டுக்குக் கீழே இறங்கியது, மா வந்தது. வீட்டுக்கு வந்ததும் கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டாள். ஆனால் பிள்ளை என்றால் வளரத்தானே செய்யும்? அதற்கடுத்த மாதம் கயிற்றை அவிழ்த்தும் பயம் தீரவில்லை. காலையில் ரொட்டி கொடுக்காமல், "வந்து தின்னலாம் கண்ணு" என்று தூக்கிக்கொண்டு போனாள். பிறகு முந்தின நாளிலிருந்தே சோற்றைக் குறைத்தாள். பெற்ற வயிறு பற்றி எரிந்தது. எரிய எரியத்தான் செய்தாள்.

போன கிளினிக்கில் மிஸ் முள்ளைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"நங்கி, பர அடுய் நே. எடை எறங்கிட்டே போகுது. மாவ யாரு சாப்புடுறது?"

"இவதாங்க மிஸ்."

"அப்ப ஏன் கூடல்ல? அடுத்த மாசமும் இப்படின்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். வார்டுல வச்சுப் பாக்கணும்."

மிஸ் அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சுஜீதாவைக் குத்தியது. உள்ளதைச் சொல்லிவிட வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன நடக்கும்? பிள்ளை தேறினால் மா நின்றுபோகும். தேறாவிட்டால் வார்டில் இவளும் கூடவே கிடக்க வேண்டும். லோஜனை யார் பார்ப்பது, மரத்தை யார் வெட்டுவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச் சுவர். மாப் பொட்டலங்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்தபடி இறங்கினாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை. மா எப்போதோ தீர்ந்திருந்தது. ஒரு காலை அரிசி டின்னின் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுஜீதா அடுப்பில் கேத்தலை மட்டும் வைத்தாள்.

யதுஷா வந்து எட்டிப் பார்த்தாள். அடுப்பில் சோற்றுப் பானை இல்லை. அவள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. கவுனை நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, கயிறு கழட்டு."

"எதுக்குடி?"

"நிறுக்கப் போகணுமே."

"இன்னைக்குக் கிளினிக் இல்ல கண்ணு."

பிள்ளை நம்பவில்லை. அடுப்பைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் சோறு இல்ல?"

சுஜீதா கவுனை இறக்கிவிடக் கையை நீட்டினாள். யதுஷா விடவில்லை. முடிச்சு பின்பக்கம் இருந்தது, அம்மாவுக்கு அவிழ்க்க வசதியாக மெல்லத் திரும்பி நின்றாள்.