துரைக்கண்ணுவின் சுற்று வழி

"வாய்யா துரை, ஒரு கிளாஸ் ஊத்திக்கினு போ" என்று யார் கூப்பிட்டாலும் துரைக்கண்ணு முகத்தில் அடித்தாற்போல மறுப்பதில்லை. "இன்னிக்கு வேணாம்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நடையைக் கட்டிவிடுவார். பதினொரு மாதமாக இதே பதில்தான். கூப்பிடுகிறவர்களுக்கும் சலிக்கவில்லை.

சர்க்கார் போன வருஷம் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டதால், அந்த வாசல்களைத் தாண்டாமல் போகப் பெரிய காஞ்சிபுரத்தில் அவருக்கு நேர்வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, நெற்றி நிறைய விபூதியோடு, மூன்று தெரு சுற்றிக்கொண்டு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் பின்னறைக்குப் போகிறார். அங்கே கம்பவுண்டர் தாவீது கூட்டம் நடத்துகிறார். அவரும் குடித்துக் கெட்டவர்தான். மதராஸில் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்த் தெளிந்தவர். குடியை விட நினைக்கிற ஆறேழு பேர், குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, ஒவ்வொருவராக எழுந்து தன் கதையைச் சொல்வார்கள். புத்திமதி கிடையாது. தெருவிலோ, துரைக்கண்ணு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார் என்று பேச்சு.

வீட்டில் ஒற்றைத் தறி. கோர்வைப் புடவையில் பெயரெடுத்த கை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோத்து நெய்கிற அந்தப் புடவைக்கு, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிவிட இன்னொருவர் வேண்டும். பதினெட்டு வருஷம் அங்கே உட்கார்ந்தவள் மனைவி வடிவாம்பாள். அவள் மாகறலுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து ஒண்டியாக நெய்யக்கூடிய சாதாப் புடவையோடு சரி. "கூலிக்கு ஒரு ஆளப் போட்டுக்கயேன்" என்றால், "அது அவ எடம்பா" என்பார். அவள் திரும்பி வரவேண்டும். குடியை விட்டதே அதற்காகத்தான்.

ஆனால் அவள் ஏன் போனாள் என்பதைக் கூட்டத்தில் அவர் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. "வழுக்கி வுழுந்து கை ஒடஞ்சிட்டுது, வைத்தியத்துக்குப் போயிருக்குறா" என்று முடித்துக்கொள்வார். தாவீதும் துருவிக் கேட்கமாட்டார்.

ஆடி மாதக் கடைசி ஞாயிறு, கூட்டம் தொடங்கிய பிறகு வடிவாம்பாளே வந்து நின்றாள். "நெஜமாவே மாறிட்டானான்னு நீயே பாத்துட்டு வா" என்று அண்ணன் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தான். கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். அடுத்தது துரைக்கண்ணுவின் முறை. பாவம், மனுஷன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பழைய கதையையே சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள். அவள் எழுந்து போய்விடுவாள். நிஜத்தைச் சொன்னால் இத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

"அவ வுழல" என்றார். "குடிச்சிட்டுத் தறியில குந்தினேன். கணக்கு தப்பி, கோர்வ வுட்டுப்போச்சு. 'தப்பா போவுது, நிறுத்துயா'ன்னா. குந்தற பலகைய எடுத்து, நாடா போடுற கையிலயே அடிச்சேன். ரெண்டு வெரலு மடங்கல. அவ இனிமே நாடா பிடிக்க மாட்டா. தெரிஞ்சேதான் அந்த எடத்தக் காலியா வெச்சிக்கினு குந்தியிருக்குறேன்."

அவர் அழுதார். யாரும் தேற்றவில்லை, அங்கே அது வழக்கமில்லை. வடிவாம்பாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதுவரை முந்தானைக்குள் மூடி வைத்திருந்த வலது கையை மெல்ல வெளியே எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி மடிமேல் வைத்துக்கொண்டாள்.